முப்பத்தெட்டாம் அளவு, இடது

செருப்புக்காகக் காலை வெட்டாதே என்பார்கள்.
எங்கள் பிழைப்பு
செருப்பை வெட்டுவது.

ஃபெல்கெய்ராஸ். மழை விடாத பிப்ரவரி.
மூன்றாம் மாடியில் ரம்பத்துக்குப் பக்கத்து மேசை என்னுடையது.
எத்தியோப்பியாவில் சுலுல்தா என்றொரு மேட்டுநிலம்,
அங்கிருந்து பெட்டி வந்திருந்தது:
மாதிரி எண் பதினேழு, பெண்கள் ஓட்டக் காலணி,
பெயர் இன்னும் வைக்கவில்லை.

போனபோது இடது கால் நூற்றுத் தொண்ணூற்றெட்டு கிராம்.
கையில் எடுத்தால்
எடுத்தோமா என்று குனிந்து பார்க்க வைக்கும் எடை.
திரும்பியபோது இருநூற்று மூன்று.

தேய்ந்த பொருள் எப்படிக் கனக்கும்?
காகிதம் விரித்துத் தட்டினேன்.
மண்.
தையலுக்குள்ளிருந்து, நாக்கின் அடியிலிருந்து
செம்பழுப்பாய்க் கொட்டிக்கொண்டே இருந்தது.
மறுபடி நிறுத்தேன், நூற்றுத் தொண்ணூற்றாறு.
சரி.

படிவத்தில் ஜெனபுவின் கையெழுத்து,
எழுத்துகள் எல்லாம் முன்னால் சாய்ந்து.
எடை, பத்துக்கு? ஒன்பது.
மென்மை? எட்டு. இறக்கத்தில் ஆறு.
கல் இருப்பது தெரிகிறது, கூரா மழுங்கலா என்று தெரியவில்லை.
குறை? லேஸ் நீளம். இரண்டு முடிச்சு போட்டும் தொங்குகிறது.
ஓடிய தூரம்? நானூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர்.

பிறகு அடிப்பாகத்தைத் திருப்பினேன்.
குதிகாலின் வெளி ஓரம் வழுக்கை.
அப்படித் தேய்ப்பவள் குதிகாலில் இறங்குபவள்.
பெருவிரலுக்குக் கீழேயும் வழுக்கை.
அப்படித் தேய்ப்பவள்
குதிகால் என்று ஒன்று இருப்பதையே மறந்தவள்.
உள்ளே மெத்தையில் கட்டைவிரல் பள்ளம் இரண்டு,
ஒன்றுக்கு முன்னால் ஒன்று,
நடுவில் ஒரு நகத்தின் அகலம்.

விழுந்தீர்களா, காயம் ஏதாவது,
பாதியில் நடை மாறியதா, என்று கேட்டு எழுதினேன்.
நான்கு நாள் கழித்துப் பதில்:

காயம் இல்லை. திங்கள் புதன் வெள்ளி நான்.
செவ்வாய் வியாழன் சனி தாதெலெச்.
ஒரே அறை, ஒரே அளவு.
ஞாயிறு ஷூ தகரக் கூரையில் காயும்.
அவள் தூரம் நானூற்று முப்பத்தொன்று.
நீங்கள் என் தூரத்தை மட்டும்தான் கேட்டிருந்தீர்கள்.

நுரை மூன்று மில்லிமீட்டர் படுத்திருந்தது.
நானூறு கிலோமீட்டருக்கு இரண்டுதான் மன்னிப்பு.
நுரை சீக்கிரம் சாகிறது என்று
அன்செல்மு ஏற்கெனவே சிவப்பில் எழுதிவிட்டார்.
உண்மையைச் சொன்னால் நுரை பிழைக்கும்,
ஒன்பதாம் விதிப்படி ஜெனபு போவாள்:
மாதிரியை வேறொருவர் அணியக் கூடாது.
சொல்லாவிட்டால் ஜெனபு இருப்பாள்,
எண்ணூற்று நாற்பத்து மூன்று கிலோமீட்டர் தாங்கிய ஒன்றை
நோஞ்சான் என்று நானே குப்பையில் போடுவேன்.

நான் ஓடுகிறவள் இல்லை.
எட்டு மணி நேரம் சிமென்ட் தரையில் நிற்கிறவள்.
என் ரப்பர்ச் செருப்புக்கு யாரும் மதிப்பெண் கேட்டதில்லை.
ஆனால் தாங்குவது என்றால் என்ன என்று
முழங்காலுக்குத் தெரியும்.

ரம்பத்தைப் போட்டேன்.
சீஸ் வெட்டுவது மாதிரி இறங்கியது.
வெட்டு முகத்தில் நுரையின் கண்கள்
குதிகாலில் நசுங்கி, முன்காலில் நசுங்கி,
நடுவில் மட்டும் வட்டம் வட்டமாக விழித்திருந்தன.
அங்கே அந்த இருவரில் ஒருத்தியும் மிதிக்கவில்லை.

அறிக்கையில் எழுதினேன்:
இரு ஓட்டக்காரர்கள், திட்டமிட்ட பகிர்வுச் சோதனை.
மொத்தம் எண்ணூற்று நாற்பத்து மூன்று.

யார் திட்டம், என்றார் அன்செல்மு.
என்னுடையது.
என்னிடம் சொல்லவில்லையே.
மறந்துவிட்டேன்.

வெட்டாத வலது காலை எடுத்து
இரண்டாக மடக்கினார், விட்டார்.
அது நிமிர்ந்தது.
இன்னொரு முறை மடக்கினார்.
எண்ணூறா, என்றார், என்னிடம் இல்லை, அதனிடம்.

அடுத்த பெட்டியில் இரண்டு ஜோடி போயிற்று.
இரண்டும் முப்பத்தெட்டு.
லேஸை எட்டு சென்டிமீட்டர் குறைத்தோம்.